திரையும் மெய்யும்: '2.0' படத்தின் பறவை அறிவியல்

திரைப்படம் மக்களை மகிழ்விக்கும் கலை மட்டுமன்று. அறிவியற் கருத்துகளைச் சிற்றூர் வரை கொண்டு செல்லும் கருவியுமாகும். அக்கருத்து மெய்யானதா என ஆராய்தல் கற்றோர் கடன். ஷங்கர் இயக்கத்தில் ரஜினிகாந்தும் அக்ஷய்குமாரும் நடித்து, 2018 நவம்பரில் வெளிவந்த '2.0' இவ்வகையில் நோக்கத்தக்கது.

கைப்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் மடிவது கண்டு மனம் நொந்த பறவையியல் அறிஞர் பட்சிராஜன், கோபுரத்திலேயே உயிர் துறக்கிறார். பின்னர்க் கைப்பேசிகளால் ஆகிய பெரும்பறவையாய் எழுந்து பழி தீர்க்கிறார். இது கதை. இதில் மெய் எவ்வளவு?

கைப்பேசி அலையும் ஒளியும் ஓரினத்தவை. இரண்டும் மின்காந்த அலைகளே. எனினும், 900 மெகாஹெர்ட்ஸ் அலைத்துகள் ஒன்றைவிடப் பச்சை ஒளித்துகள் ஒன்று ஏறத்தாழ 6 இலட்சம் மடங்கு ஆற்றல் உடையது. ஆதலின், எக்ஸ் கதிர் போல மூலக்கூறுகளைப் பிளக்கும் வலிமை கைப்பேசி அலைக்கு இல்லை. செறிவு மிகுந்தால் வெப்பமூட்டும் என்பதே ஐயமற நிறுவப்பட்ட விளைவு. இந்திய அரசு 2012ஆம் ஆண்டில் கோபுரக் கதிர்வீச்சின் வரம்பைப் பன்னாட்டு அளவில் பத்தில் ஒன்றாகக் குறைத்தது.

அங்ஙனமாயின் கதை முற்றும் பொய்யோ? அதுவும் அன்று. வலசை செல்லும் பறவைகள் புவியின் காந்தப் புலத்தை உணர்ந்து திசை அறிகின்றன. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நகர்ப்புற மின்காந்த இரைச்சலால் ராபின் பறவைகள் திசை அறியாது திகைத்தன. அலுமினியத் தகடுகளால் அவ்விரைச்சலைத் தடுத்ததும் தெளிந்தன. ஆனால், அங்குத் தடை செய்தவை 5 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைந்த அலைகள். கைப்பேசி அலைகளின் அதிர்வெண் அதனினும் நூறு மடங்குக்கு மேற்பட்டது. மெய்யான விதையொன்றை எடுத்து, வேறு மரமாக வளர்த்திருக்கிறது திரைக்கதை.

சிட்டுக்குருவியின் நிலை என்ன? 2020ஆம் ஆண்டில் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடளவில் அதன் எண்ணிக்கை பெரிதும் குன்றவில்லை என்றும், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைந்துள்ளது என்றும் கூறியது. காரணத்தை உய்த்துணரக் குறுந்தொகையின் 46ஆம் பாடல் துணை செய்கிறது. முற்றத்தில் உலரும் தானியத்தை உண்டு, மன்றத்து எருவின் நுண்பொடியில் குடைந்தாடி, வீட்டு இறப்பில் குஞ்சுகளுடன் தங்கும் குருவியை அது காட்டுகிறது. இன்றைய நகரில் முற்றம் இல்லை, இறப்பு இல்லை, குஞ்சுக்கு ஊட்டப் புழுபூச்சியும் அரிது.

நம் திருவள்ளூர் மாவட்டத்திற்கு இவ்வுண்மை மிக நெருக்கமானது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, பூநாரைகள் வந்து இரைதேடும் பழவேற்காடு ஏரி உள்ளது. இந்திய உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவிற்கு அடுத்த பெரிய ஏரி இதுவே. பூநாரைக்கு வேண்டுவது ஆழமற்ற தூய நீரும், அதில் வாழும் நுண்ணுயிர்களும். முகத்துவாரம் மணலால் அடைபடுதலும், கழிவு கலத்தலும், நீர்நிலை சுருங்குதலும் அதன் உணவை நேரே பறிப்பவை. கோபுரத்தை மட்டும் பழித்துவிட்டு இவற்றை மறந்தால், பறவைக்கு நாம் செய்யும் தீங்கு இரட்டிப்பாகும். தொழிலும் வேண்டும், ஏரியும் வேண்டும். கழிவை முறையாகத் தூய்மை செய்தால் இரண்டும் இயலும்.

பட்சிராஜனின் தோற்றம் நினைவூட்டும் சலீம் அலி, 1896ஆம் ஆண்டில் மும்பையில் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தவர். சிறுவயதில் தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு வியந்து, அஃது என்ன பறவை எனக் கேட்க மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தை நாடினார். அவ்வினாவே அவரைப் பறவையியல் பேரறிஞராக்கியது. கோவையை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயர் தாங்கிய ஆய்வு மையம் இயங்குகிறது. திரையரங்கை விட்டு வெளிவரும் மாணவரும் அவ்வாறு ஒரு வினாவோடு வருவாராயின், பழவேற்காட்டுப் பறவைகளுக்கு அதுவே நற்காலத்தின் தொடக்கமாகும்.