பியானோவைப் பூர்த்தி செய்பவர்

சீனாவின் குவாங்சோ நகரில் 1956-ஆம் ஆண்டு தோன்றிய பேர்ல் ரிவர் பியானோத் தொழிற்சாலையும், வேறு பல ஆசிய உற்பத்திச் சாலைகளும், ஒரு காலத்தில் செல்வந்தர் வீட்டுக் கூடங்களை மாத்திரமே அலங்கரித்த கிராண்ட் பியானோவை நடுத்தரக் குடும்பங்களின் சக்திக்கும் எட்டச் செய்துவிட்டன. கப்பலேறி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்று கடை முகப்பில் நிற்கும் அந்த வாத்தியத்தின் பளபளப்பைக் காண்பவர், அது சம்பூர்ணமாகவே வந்து இறங்கியது என்று நம்புவதில் ஆச்சரியமில்லை. ஆனால் அது பூர்த்தியாவது பெரும்பாலும் அந்தக் கடையின் பின்கட்டில், ஒரு டெக்னீஷியனின் கையில்தான்.

ஸ்டைன்வே போன்ற உயர்ந்த ரகப் பியானோ ஒன்றைச் செய்து முடிக்க ஏறக்குறைய ஒரு வருஷம் பிடிக்கிறது. மலிவு விலைப் பியானோவிலும் வார்ப்பிரும்புச் சட்டமும் மரவேலையும் இன்று யந்திரங்களின் உதவியால் செம்மையாகவே அமைகின்றன. குறைக்கப்படுவது, கடைசிக் கட்டத்தில் தேர்ந்த கைகள் செலவிட வேண்டிய நேரம். அந்த நேரத்தைக் கடைக்காரர் ஈடு செய்தாக வேண்டும்.

முதல் வேலை சுருதி சேர்ப்பது. சுமார் 230 தந்திகள், எல்லாமாகப் பதினெட்டு இருபது டன் இழுவிசையைத் தாங்கி நிற்பவை, புதிய எஃகாகையால் நாளுக்கு நாள் நீண்டு சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். கடற்பிரயாணத்து ஈரம் ஏறிய மரமும் புதிய இடத்தின் காற்றுக்குத் தக்கபடி அசைந்துகொடுக்கும். ஆகையால் ஒரு தடவை சேர்த்துவிட்டு ஓய முடியாது. சில வாரங்கள் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

இதனினும் நுண்ணியது, கட்டைகளையும் சுத்தியல்களையும் ஒழுங்கு செய்யும் வேலை. பியானோவின் உள்யந்திரம் முழுவதையும் டெக்னீஷியன் மேஜை டிராயரைப் போல வெளியே இழுத்து வைத்துக்கொண்டு, 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பரிசோதிக்கிறார். கட்டை சுமார் 10 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ அதன் அடியிலுள்ள மெல்லிய காகித வளையம் ஒன்றைச் சேர்த்தோ எடுத்தோ சரிப்படுத்துகிறார். மேலெழும் சுத்தியலைத் தந்திக்கு ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர் இருக்கும்போதே யந்திரம் விட்டுவிட வேண்டும். மிச்சத்தூரத்தை அது தன் வேகத்தாலேயே கடந்து தந்தியைத் தொட்டு மீள்கிறது. கட்டை முழுவதும் எழும்புமுன்னரே அதே ஸ்வரத்தை மறுபடி வாசிக்க இடங்கொடுக்கும் அமைப்பு, பாரிஸ் நகரத்து செபாஸ்டியன் எரார் உருவாக்கியது; அதற்கு 1821-இல் காப்புரிமை பெறப்பட்டது. அதன் உயிர் ஒரு சிறு வில்கம்பியில் இருக்கிறது. கட்டையை அழுத்தி மெதுவாக விடுகையில் சுத்தியல் துள்ளாமல், தயங்காமல், நிதானமாக எழ வேண்டும். துள்ளினால் வில் பலம் அதிகம், சோர்ந்து கிடந்தால் பலம் குறைவு. ஒன்றைத் திருத்தினால் முன்பு திருத்திய மற்றொன்று சற்றே மாறிவிடுமாதலால், முதலிலிருந்து மறுபடியும் ஒரு சுற்று வருவதைத் தவிர வேறு வழியில்லை.

இறுதியில் நாதம். சுத்தியலின் தலையைச் சுற்றியிருக்கும் கம்பளி ஃபெல்ட் இறுகிக் கிடந்தால் ஓசை தகரம்போல் கடுக்கிறது. அதன் தோள்களில் ஊசியால் குத்தி இளக்கினால் நாதம் கனிகிறது. அளவுக்கு மிஞ்சிக் குத்திவிட்டால் மங்கிய ஓசையை மீட்பது கடினம் என்பதால், இரண்டொரு குத்துக்கு ஒரு முறை வாசித்துக் கேட்டே மேலே செல்கிறார். விசாலமான கடையில் கணீரென்று ஒலித்து மனத்தைக் கவர்வது, வீட்டின் சிறிய அறையில் செவியைத் துளைக்கும் என்பதையும் அவர் மறப்பதில்லை.

இத்தனை வேலைக்கும் கூலி உண்டு; குறைந்த விலைக்கு விற்கும் பொருளில் அதை மிச்சம் பிடிக்கலாம் என்ற ஆசை வியாபாரிக்கு எழுவது இயற்கை. அதன் பலனை அனுபவிப்பது, புதிதாகக் கற்க உட்காரும் குழந்தை. ஒரு கட்டை கனத்தும் அடுத்தது இளகியும் இருக்கையில் மெல்ல வாசிக்க வராமற்போவது வாத்தியத்தின் குறை என்று அதற்கு எப்படித் தெரியும்? தன் விரலே பழுது என்று நம்பிவிடுகிறது. இதை நான் சிறிய அநியாயமாகக் கருதவில்லை.

ஆகவே வாங்கப் போகிறவர், இந்தப் பியானோவை யார் தயார் செய்தார், எத்தனை மணி நேரம் செலவிட்டார் என்று தயங்காமல் விசாரிக்கலாம். பிறகு எல்லாக் கட்டைகளையும் வரிசையாக, இயன்றவரை மிருதுவாக, அழுத்திப் பார்க்கட்டும். பலமாக வாசிக்கையில் மறைந்துவிடும் குறைகள் அப்போது வெளிப்படும். வீட்டுக்கு வந்து சில வாரங்கள் கழிந்தபின் சுருதி சேர்க்க ஒரு முறை வந்து போவதையும் விலையோடு சேர்த்தே பேசிக்கொள்வது நல்லது.