பழைய கையடக்க எண்ணிமப் படக்கருவி

பழைய கையடக்க எண்ணிமப் படக்கருவி (பேச்சு வழக்கில் பழைய டிஜிட்டல் கேமரா) என்பது பெரும்பாலும் 2000களில் வெளிவந்து, தற்போது இரண்டாம் கையாக விற்கப்படும் சிறிய ஒளிப்படக்கருவி ஆகும். இதனை வாங்குவோர் படப்புள்ளிகளின் எண்ணிக்கையைவிட, உரிய நினைவக அட்டையும் மின்கலமும் இன்றும் கிடைக்கின்றனவா என்பதையே முதலில் நோக்க வேண்டும்.

நினைவக அட்டை

ஒலிம்பஸ், பியூஜிபிலிம் நிறுவனங்கள் 2002 ஆம் ஆண்டு எக்ஸ்டி அட்டையை அறிமுகப்படுத்தின. இதன் உச்சக் கொள்ளளவு 2 கிகாபைட்டு ஆகும். பின்னர் இரு நிறுவனங்களும் எஸ்டி அட்டைக்கு மாறியதால் எக்ஸ்டி அட்டைகள் அரிதாகிவிட்டன.

எஸ்டி அட்டைகளிலும் வேறுபாடு உண்டு. 32 கிகாபைட்டு வரை கொள்ளும் எஸ்டிஎச்சி வகை 2006 இல் வரையறுக்கப்பட்டது. அதற்கு முந்தைய கருவிகளில் இவ்வட்டை வடிவத்தால் பொருந்தினாலும், பெரும்பாலும் இயங்காது. அவற்றுக்கு 2 கிகாபைட்டு அல்லது அதனினும் குறைந்த எஸ்டி அட்டை தேவை.

மின்கலம்

பல கருவிகள் தமக்கே உரிய வடிவிலான இலித்தியம் அயனி மின்கலத்தைப் பயன்படுத்துகின்றன. உப்பிய மின்கலத்தைப் பயன்படுத்தலாகாது. கடைகளில் எளிதில் கிடைக்கும் ஏஏ மின்கலத்தில் இயங்கும் கருவிகளுக்கு இச்சிக்கல் இல்லை. இவற்றில் மீள மின்னேற்றத்தக்க நிக்கல் உலோக ஐதரைடு மின்கலங்கள், சாதாரண கார மின்கலங்களைவிட அதிகப் படங்களுக்குத் தாங்கும்.

ஒளியுணரிப் பழுது

சோனி தயாரித்த சில சிசிடி ஒளியுணரிகளின் உள் இணைப்பு, வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சூழலில் பழுதடைவது 2005 இல் தெரியவந்தது. பிற நிறுவனங்களின் கருவிகளிலும் இவ்வுணரிகள் இருந்தன. பழுதடைந்தால் படம் சிதைந்து தெரியும். அல்லது தோன்றவே தோன்றாது. எனவே பணம் கொடுக்கும் முன், அட்டையிட்டுச் சில படங்களை எடுத்துக் கணினியில் திறந்து பார்த்தல் நன்று.