வயல் வேலையும் சுகர் மாத்திரையும்

சல்ஃபோனைல்யூரியா என்பது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரைக் குடும்பம். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு எல்லாம் இதில் அடங்கும். விலை குறைவு என்பதால் மெட்ஃபார்மினோடு சேர்த்துப் பலருக்கும் எழுதித் தரப்படுகின்றன. 2021 ஆகஸ்ட் 5-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் கிராமத்து வீடுகளுக்கே வருகின்றன.

கணையத்தின் பீட்டா செல்கள் ஒவ்வொன்றின் உறையிலும் பொட்டாசியம் வெளியேறும் நுண்ணிய வாசல்கள் உண்டு. சாப்பிட்டபின் குளுக்கோஸ் செல்லுக்குள் புகுந்து எரியும்போது ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு பெருகி, அந்த வாசல்களை மூடுகிறது. பொட்டாசியம் உள்ளேயே தங்குவதால் உறையின் மின்னழுத்தம் மாறுகிறது. கால்சியம் வாசல்கள் திறக்கின்றன. கால்சியம் பாய்ந்ததும் செல் சேமித்து வைத்த இன்சுலின் ரத்தத்தில் கலக்கிறது. மாத்திரை செய்வது, பொட்டாசியம் வாசலோடு ஒட்டியிருக்கும் புரதத்தில் அமர்ந்து அதை மூடிவிடுவது. ரத்தத்தில் குளுக்கோஸ் குறைவாக இருந்தாலும் அது மூடும். இந்த மருந்தின் பலமும் ஆபத்தும் இங்கேதான் இருக்கின்றன. பீட்டா செல்கள் அழிந்துபோன முதல் வகை நீரிழிவில் இதனால் பயனில்லை.

இந்த ஆபத்துதான் மருந்தையே அடையாளம் காட்டியது. 1942-இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் டைஃபாய்டு நோயாளிகளுக்கு மார்செல் ழான்போன் ஒரு புதிய சல்ஃபா மருந்தைக் கொடுத்தபோது, சிலருக்கு வலிப்பும் மயக்கமும் வந்தன, சிலர் இறந்தனர். சர்க்கரை தாழ்ந்ததே காரணம். கணையம் நீக்கப்பட்ட நாய்களில் அந்த மருந்து வேலை செய்யவில்லை என்று ஒகுஸ்த் லூபாத்தியேர் காட்டினார்.

அதே ஆபத்து இன்று வயல் வேலையிலும் இருக்கிறது. திருக்கோவிலூர் வட்டாரத்தில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. பக்கத்து மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலை இருக்கிறது. விடியலில் மாத்திரையைப் போட்டு, டீ மட்டும் குடித்துவிட்டுக் கரும்பு வெட்டப் போகிறவருக்கு இரண்டு பக்கமும் இழுப்பு. மாத்திரை இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. உழைக்கும் தசையோ இன்சுலின் இல்லாமலும் குளுக்கோஸை உறிஞ்சிக்கொள்ளும். ரத்தச் சர்க்கரை அளவு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வரும். வெயில் களைப்பு என்று இதை ஒதுக்கிவிடுவது மிகவும் ஆபத்தானது. நினைவோடு இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துச் சோதித்து, பிறகு சாப்பாடும் தர வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

கிளிபென்கிளமைடின் வேலை ஒரு நாள் வரைகூட நீளும்; சிறுநீரகம் பழுதானால் இன்னும் நீளும். தேறியவருக்கும் சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்பதால் மருத்துவமனையில் வைத்துக் கவனிப்பார்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு கிளிபென்கிளமைடு ஏற்றதல்ல என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கிளிக்லசைடு இருக்கிறது.