சிறுதொழிலும் வீண் அச்சமும்

இரும்புலியூர் வட்டாரத்து அங்கத்தினர்களிடம் சிறுதொழில் பற்றிப் பேசினால், "கைமுதலுக்கு எங்கே போவது? நஷ்டம் வந்தால்?" என்பதே மறுமொழி. கடன்பட்டுக் கெட்ட குடும்பங்களைக் கண்டவர்களுக்கு இவ்வச்சம் இயல்பே. எனினும், போகக்கூடியது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தவர் மிகச் சிலர்.

1959ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் பெற்று, தம் குடியிருப்பின் மொட்டைமாடியில் அப்பளம் இட்டனர். பின்னர் 'லிஜ்ஜத்' எனப் பெயர் பெற்றது அதுவே. முதல் நாள் ஆனவை நான்கு கட்டுகள். கடையில்லை, இயந்திரமில்லை, சமையலில் பழகிய கைகளே மூலதனம். முழுவதும் நஷ்டமாயினும் தலைக்குப் பன்னிரண்டு ரூபாய்கூட ஆகாது! மலிவான இரண்டாந்தரச் சரக்கும் செய்யத் தலைப்பட்டபோது, கடன் கொடுத்த சகன்லால் கரம்சி பாரேக் தரத்தைக் குறைக்க வேண்டாமெனத் தடுத்தார். முதலாண்டு விற்பனை 6,196 ரூபாய்.

இடையூறு வராமலில்லை. அவ்வாண்டு மழையால் நான்கு மாதம் வேலை நின்றது. ஐப்பசியில் பாவு காயாது தவிக்கும் நம் நெசவாளருக்கு இத்துன்பம் விளங்கும். மறுவாண்டு அவர்கள் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினர். கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, அடியில் அடுப்பை மூட்டினர். மழை பெய்தது, வேலையும் நடந்தது.