நடப்பு நிகழ்வுகள்: எதைப் படிப்பது, எதை விடுவது?

2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாடு ஆளுநர் வழக்கில் தீர்ப்பு வழங்கியது. சட்டமன்றம் இரண்டாம் முறை நிறைவேற்றி அனுப்பிய 10 மசோதாக்களை ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைத்தது செல்லாது, அவை ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு. மசோதாக்கள் மீது முடிவெடுக்க ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடுவும் விதித்தது. குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பலரது நோட்டில் அன்றே இந்தச் செய்தி ஏறியிருக்கும்.

ஏழு மாதம் கழித்து, நவம்பர் 20 அன்று, ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு வேறு மாதிரி சொன்னது. பிரிவு 143-ன் கீழ் குடியரசுத் தலைவர் கேட்டிருந்த 14 கேள்விகளை ஆராய்ந்த அந்த அமர்வு, நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ‘ஒப்புதல் பெற்றதாகக் கருதுவது’ என்பதற்கும் அரசியல் சாசனத்தில் இடமில்லை என்றது. அதற்காக, காரணமே சொல்லாமல் மசோதாவை ஆளுநர் காலவரையின்றி வைத்திருக்கலாம் என்று ஆகிவிடாது. அப்படி வைத்திருந்தால், முடிவெடுக்கும்படி நீதிமன்றம் வரம்புக்கு உட்பட்ட உத்தரவு போடலாம் என்றும் சொன்னது.

ஏப்ரல் மாத நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குப் பிறகு தேர்வு எழுதப் போகிறவர், தவறான விடையைத் துளியும் சந்தேகமில்லாமல் எழுதிவிட்டு வருவார். அவர் செய்தி படிக்காதவர் இல்லை. தினமும் படித்தவர்தான். ஆனால் செய்திகளைச் சேர்த்தாரே தவிர, அவை பிறகு என்ன ஆயின என்று பார்க்கவில்லை. நடப்பு நிகழ்வுகள் என்ற பகுதியில் பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

முதலில் தேர்வு என்ன கேட்கிறது என்று பார்ப்போம். யு.பி.எஸ்.சி. பிரிலிம்ஸில் பொது அறிவுத் தாளுக்கு 100 கேள்விகள், 200 மதிப்பெண். ஒரு தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். இந்தத் தாளின் சிலபஸில் முதல் வரியே தேசிய, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நடப்பு நிகழ்வுகள்தான். வரலாறு, புவியியல், அரசியலமைப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. இதைப் பார்த்து, நேற்று நடந்ததை இன்று கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். செய்தி தலைப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும், விடை பாடப்புத்தகத்தில் இருக்கும். இதுதான் யு.பி.எஸ்.சி.யின் வழக்கம்.

2020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனா காலத்தில் ரிசர்வ் வங்கி மார்ச்சிலும் மே மாதத்திலும் ரெப்போ விகிதத்தைக் குறைத்து 4 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. அக்டோபரில் நடந்த பிரிலிம்ஸில் ரெப்போ விகிதம் எவ்வளவு என்று கேட்கவில்லை. பணப்புழக்கத்தைக் கூட்டும் கொள்கையை ரிசர்வ் வங்கி கையில் எடுத்தால் எதைச் செய்யாது என்று கேட்டார்கள். எஸ்.எல்.ஆர். குறைப்பு, எம்.எஸ்.எஃப். உயர்வு, வங்கி விகிதமும் ரெப்போவும் குறைப்பு என்று மூன்று நடவடிக்கைகளைக் கொடுத்திருந்தார்கள். வங்கிகள் அவசரத்துக்குக் கடன் வாங்கும் எம்.எஸ்.எஃப். விகிதத்தை அப்படிப்பட்ட நேரத்தில் யாரும் உயர்த்த மாட்டார்கள், அதுதான் விடை. நாலு சதவீதத்தை மனப்பாடம் செய்தவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. ரெப்போ குறைந்தால் வங்கிக்கு என்ன ஆகும், கடன் வாங்குகிறவருக்கு என்ன ஆகும், விலைவாசிக்கு என்ன ஆகும் என்று செய்தி வந்த அன்றே பொருளாதாரப் புத்தகத்தைப் புரட்டியவருக்கு அரை நிமிட வேலை.

ஆகவே ஒரு செய்தியைப் படித்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது சிலபஸில் எந்த வரிக்குள் வருகிறது என்பது. எந்த வரியிலும் உட்காராவிட்டால் அடுத்த செய்திக்குப் போய்விடலாம். இதற்குச் சிலபஸ் மனப்பாடமாக இருக்க வேண்டும். பிரிலிம்ஸ் தாளுக்கு மொத்தமே ஏழு வரிகள்தான். மெயின்ஸ் சிலபஸ் நீளமானது, அதை அச்செடுத்து மேசைக்கு எதிரே ஒட்டிக்கொள்வது நல்லது.

மறுபடி ஆளுநர் வழக்குக்கு வருவோம். இதை எப்படிக் குறித்து வைப்பது? தேதி போட்டு ‘ஏப்ரல் 8: தீர்ப்பு’ என்று எழுதக் கூடாது. ‘ஆளுநர், மசோதா ஒப்புதல்’ என்று தலைப்பிட்டு ஒரு தனித் தாள் தொடங்க வேண்டும். மேலே நிரந்தரமான சங்கதி. பிரிவு 200-ன்படி மசோதா வந்தால் ஆளுநர் ஒப்புதல் தரலாம், நிறுத்தி வைக்கலாம், குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்பலாம். பண மசோதா அல்லாததைக் கூடிய விரைவில் சட்டமன்றத்துக்கே திருப்பி அனுப்பலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. குடியரசுத் தலைவரிடம் போன பிறகு நடப்பதைப் பிரிவு 201 சொல்லும். இது மாறாத பகுதி, பாடப்புத்தகத்தில் இருப்பது.

அதற்குக் கீழே முன்கதை. ஆளுநர் பதவி பற்றிய சர்ச்சை இந்த வழக்கில் பிறந்தது அல்ல. மாநில உரிமைகளை ஆராயத் தமிழ்நாடு அரசு 1969-ல் ராஜமன்னார் குழுவை அமைத்தது. மத்திய அரசு 1983-ல் சர்க்காரியா ஆணையத்தையும் 2007-ல் பூஞ்சி ஆணையத்தையும் அமைத்தது. ஆளுநர் ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது பூஞ்சி ஆணையத்தின் பரிந்துரை. 2023 நவம்பரில் பஞ்சாப் ஆளுநர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே பொருளைத் தொட்டது. அதே நவம்பரில் தமிழ்நாட்டில் ஆளுநர் மசோதாக்களை நிறுத்தி வைக்க, சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூட்டி மறுபடி நிறைவேற்றியது. அதன்பின் அவர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2025 ஏப்ரல் தீர்ப்பு வந்த அடுத்த வாரமே, மாநில சுயாட்சியை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் குழு அமைப்பதாக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். மே மாதத்தில் குடியரசுத் தலைவரின் கேள்விகள், நவம்பரில் பதில்.

இத்தனையும் ஒரே தாளில் இருந்தால், நவம்பர் 20 வந்தபோது புதிதாக எழுத வேண்டியது நாலு வரிதான். ஏப்ரல் வரியை அடித்துவிடக் கூடாது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். மெயின்ஸில் மத்திய, மாநில உறவு பற்றி 250 சொற்களில் விடை கேட்டால், அந்த முரணே உங்கள் விடைக்குச் சரக்கு. பிரிலிம்ஸில் பிரிவு 143, 200, 201 பற்றி வாக்கியங்களைக் கொடுத்து ‘மேற்கண்டவற்றில் எத்தனை சரி’ என்று கேட்டாலும் தாள் கைகொடுக்கும். கட்டுரைத் தாளுக்கும் உதவும். ஒரு செய்தி, மூன்று இடத்தில் பயன்.

இப்படி ஒவ்வொரு செய்திக்கும் செய்ய நேரம் ஏது என்று கேட்கலாம். ஒவ்வொரு செய்திக்கும் செய்ய வேண்டாம். நாளிதழில் முக்கால்வாசி தேர்வுக்கு உதவாது. கட்சிகளுக்குள் நடக்கும் சண்டை, தலைவர்களின் அறிக்கைப் போர், கொலை, கொள்ளை, சினிமா, அன்றாடப் பங்குச்சந்தை ஏற்ற இறக்கம், இவற்றை வாசகராகப் படிக்கலாம், தேர்வராகப் படிக்க வேண்டாம். பேரிடர்ச் செய்தியில் மட்டும் ஒரு கண் வைக்கவும். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை கிராமங்களை நிலச்சரிவு அழித்தபோது முதல் நாள் அது துயரச் செய்தி. இரண்டாம் நாள் அது மாதவ் காட்கில் குழு 2011-லும் கஸ்தூரிரங்கன் குழு 2013-லும் கொடுத்த மேற்குத் தொடர்ச்சி மலை அறிக்கைகளைப் பற்றிய செய்தியாகிவிட்டது. பேரிடர் மேலாண்மையும் சுற்றுச்சூழலும் மெயின்ஸ் மூன்றாம் தாளில் இருக்கின்றன.

எதைப் படிப்பது என்பதில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. ஒரு நாளிதழ், ஒரு மாதத் தொகுப்பு, பத்திரிகை தகவல் அலுவலகத்தின் வெளியீடுகள், போதும். டெலிகிராம் குழுக்களில் நாளுக்கு நாற்பது பிடிஎஃப் வந்து விழும். இறக்கி வைத்த கோப்பு படித்த கணக்கில் வராது. ‘இன்றைய பத்துக் கேள்விகள்’ வகைக் காணொளிகள் ரிவிஷனுக்கு உதவலாம், ஆனால் அவற்றையே படிப்பாக வைத்துக்கொண்டால் விடை தெரியும், விஷயம் தெரியாது. நாளிதழுக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. அதில் தலையங்கமும் நடுப்பக்கக் கட்டுரையும் முதலில். தலையங்கத்தின் கருத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தச் சான்றை வைத்து வாதிடுகிறார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று பாருங்கள். மத்திய அரசு வெளியிடும் யோஜனா இதழின் தமிழ்ப் பதிப்பு ‘திட்டம்’. அரசுத் திட்டங்களை அரசின் பார்வையில் தெரிந்துகொள்ள அது உதவும். விமர்சனத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

எண்ணிக்கைகளை எழுதும்போது பக்கத்தில் தேதியைப் போடும் பழக்கம் அவசியம். தமிழ்நாட்டில் ராம்சார் தகுதி பெற்ற ஈரநிலங்கள் 2022 தொடக்கத்தில் ஒன்றே ஒன்று, கோடியக்கரை. அந்த ஆண்டு முடிவதற்குள் 14 ஆனது. 2024-ல் கரைவெட்டி, லாங்வுட் சோலை, நஞ்சராயன், கழுவெளி சேர்ந்து 18 ஆனது. 2025 பிப்ரவரியில் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் சேர்ந்து 20 ஆனது. தேதி இல்லாமல் ‘18’ என்று எழுதி வைத்த நோட்டு ஒரே ஆண்டில் பழசாகிவிடும். தேர்வுக்கு முந்தைய மாதத்தில் இத்தகைய எண்களை மட்டும் ஒருமுறை அதிகாரபூர்வ இணையதளங்களில் சரிபார்த்தால் போதும்.

டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறவர்களுக்குக் கணக்கு சற்று வேறு. குரூப் 1 முதல்நிலைத் தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண். தவறான விடைக்குக் கழிவு இல்லை. விடை தெரியாவிட்டால் ‘ஈ’ கட்டத்தை நிரப்ப வேண்டும், வெறுமனே விட்டால் அதற்கு மதிப்பெண் குறையும். கேள்விகளும் நேரடியானவை. திட்டத்தின் பெயர், தொடங்கிய நாள், பயனாளி யார், விருது யாருக்கு என்று கேட்பார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையிலும், கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் 2023 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்திலும் தொடங்கின. இரண்டும் அண்ணா பிறந்தநாள் என்று சேர்த்து நினைவில் வைத்தால் மறக்காது. பலர் கவனிக்காத ஒரு புதையல், துறைவாரியாக அமைச்சர்கள் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்புகள். எல்லாம் தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். மாநிலத் திட்டங்களுக்கு இதைவிட நம்பகமான தொகுப்பு எந்தப் பயிற்சி மையமும் தரப்போவதில்லை.

தமிழில் படித்து யு.பி.எஸ்.சி. எழுதுகிறவர்கள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். மெயின்ஸைத் தமிழில் எழுதலாம், நேர்காணலையும் தமிழில் சந்திக்கலாம். பிரிலிம்ஸ் கேள்வித்தாள் மட்டும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். அதனால் நிதிப் பற்றாக்குறை என்று எழுதும்போதே பக்கத்தில் ‘ஃபிஸ்கல் டெஃபிசிட்’ என்றும் குறித்துப் பழகுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது ஒரே செய்தியை ஒரு தமிழ் நாளிதழிலும் ஓர் ஆங்கில நாளிதழிலும் படியுங்கள்.

எவ்வளவு காலத்துச் செய்தி வேண்டும்? பிரிலிம்ஸுக்கு முந்தைய ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை பார்ப்பது வழக்கம். வாரத்துக்கு ஒரு நாள், பெரும்பாலும் ஞாயிறு, புதிதாக எதையும் படிக்காமல் அந்த வாரக் குறிப்புகளைத் தாள்வாரியாகச் சேர்ப்பதற்கே ஒதுக்க வேண்டும். இதைத் தவறவிடுகிறவர்கள்தான் ஏப்ரல் வரவும் மலைபோல் குவிந்த நோட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்து தவிக்கிறார்கள். தேர்வுக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது புதிய செய்திகளை நிறுத்திவிடலாம். நேர்காணலுக்கு மட்டும் இது பொருந்தாது. 275 மதிப்பெண் உள்ள அந்த அறைக்குள் போகும் காலை வரை நாளிதழ் வேண்டும், முக்கியமாக உங்கள் சொந்த மாவட்டச் செய்திகள்.

இந்தப் பகுதிக்காக யாரிடமும் பணம் கட்ட வேண்டிய தேவை இல்லை. சிலபஸும் பழைய கேள்வித்தாள்களும் தேர்வாணையங்களின் இணையதளங்களில் இருக்கின்றன. பத்திரிகை தகவல் அலுவலகத்தின் வெளியீடுகள் தமிழிலும் வருகின்றன. உங்கள் ஊர் நூலகத்தில் காலையில் நாளிதழ்கள் போட்டிருப்பார்கள். கடந்த ஐந்து ஆண்டு பிரிலிம்ஸ் தாள்களை முதலில் எடுத்து, ஒவ்வொரு கேள்வியும் எந்தச் செய்தியிலிருந்து முளைத்தது என்று தேடிப் பாருங்கள். நாளிதழில் எதைப் படிப்பது, எதை விடுவது என்று அதற்குப் பிறகு உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.