கட்டத்துக்குள் இருக்கும் கடைசி எண்

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் பெட்டிகளின் எண்ணை வாசிப்பது எனக்குப் பழக்கம். நாலு எழுத்து, ஆறு இலக்கம், அப்புறம் கட்டம் போட்டு ஒத்தை இலக்கம். யார்டில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் அந்தக் கட்டம் எதுக்கு என்று கேட்டேன். "செக் டிஜிட்டு தம்பி. ஒரு நம்பர மாத்தி அடிச்சாலும் கம்ப்யூட்டர் எடுக்காது, வண்டி கேட்டுலயே நின்னுரும்" என்றார்.

அப்படியானால் மொத்தம் எத்தனை பெட்டிகளுக்கு எண் கொடுக்கலாம்? எல்லா இடத்தையும் இஷ்டம்போல் நிரப்பலாம் என்றால் 26-ஐ நாலு முறையும் 10-ஐ ஏழு முறையும் பெருக்க வேண்டும்: 4,56,976 கோடி. ஆனால் ஐ.எஸ்.ஓ 6346 விதி அப்படி விடாது. முதல் மூன்று எழுத்து உரிமையாளரின் குறி. நாலாவது, சரக்குப் பெட்டி என்றால் 'யூ' மட்டும்தான்; அந்த இடத்துக்கு 1 வழி. கடைசி இலக்கத்துக்கு நான் முதலில் 10 போட்டேன், தப்பு. முந்தைய பத்து இடமும் முடிவானதுமே அது தானாக முடிவாகிவிடுகிறது. அதற்கும் 1 தான். ஆக 26×26×26×10,00,000, அதாவது 1,757.6 கோடி. 260-இல் ஒரு பங்கு!

எப்படி முடிவாகிறது? எழுத்துகளுக்கு ஏ 10, பி 12, சி 13 என்று 11-இன் மடங்குகளைத் தாண்டி மதிப்பு. இடமிருந்து 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்த மீதிதான் கட்டத்தில் வரும். 'சி எஸ் க்யூ யூ 305438' என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 6185, மீதி 3. அவசரத்தில் 304538 என்று அடித்தால் 6249, மீதி 1. மாட்டிக்கொள்ளும்.

மீதி 10 வந்தால்? ஒரு இலக்கத்தில் அடங்காது, 0 போடுவார்கள். மீதி 0 வந்தாலும் அதே 0 என்பதால், 10 வரும் எண்களைத் தவிர்ப்பது நல்லது என்பது பரிந்துரை. அப்படித் தவிர்த்தால் ஒவ்வொரு குறிக்கும் 10 லட்சத்தில் 90,909 அல்லது 90,910 எண்கள் போய்விடும்.

இவ்வளவு விட்டுக்கொடுத்தும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஜி-யின் மதிப்பு 17, க்யூ-வுக்கு 28. வித்தியாசம் சரியாக 11, மீதி மாறாது! 26 எழுத்தில் 325 ஜோடி. அதில் 22 ஜோடி இப்படித் தப்பிவிடும். அண்ணாச்சியிடம் சொன்னேன். "பெயிண்ட் உரிஞ்ச பெட்டியில ஜி-யும் க்யூ-வும் ஒண்ணு போலத்தான தம்பி இருக்கும்?" என்றார்.