ஒலிபெருக்கியும் உருகியும்

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகியம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் போன்ற பெருவிழாக்களில் ஒலிபெருக்கி இன்றியமையாதது. போர்க்காலத்திற் பல்லாண்டுகள் மின்வலையின்றியிருந்த வன்னியில் லொறி மின்கலவடுக்குகள் பலவாறு பயன்பட்டன. மின்சாரம் மீண்டுள்ள இந்நாளிலும் ஊர்திகளில் ஒலிபெருக்கி பூட்டுவோர்க்கு அவையே துணை. ஆயினும், 12 உவோற்றுத்தானே என்று அவற்றை எளிதாக எண்ணுதல் தகாது.

மின்வலு என்பது அழுத்தத்தினதும் ஓட்டத்தினதும் பெருக்கம். 240 உவாற்று வலுவைக் கொள்ளும் விரியலாக்கி 230 உவோற்றில் ஏறத்தாழ 1 அம்பியரையே இழுக்கும்; 12 உவோற்றிலோ 20 அம்பியரை இழுக்கும். கம்பியில் எழும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாகும். ஆகவே ஓட்டம் இருபது மடங்காயின் அதே கம்பியில் வெப்பம் நானூறு மடங்காகும். தடித்த செப்புக்கம்பி வேண்டப்படுவது இதனாலேயே.

உருகி விரியலாக்கியைக் காப்பதற்கென்றே பலர் கருதுவர். அதன் முதற்கடமை கம்பியைக் காத்தலே. குறுஞ்சுற்று நேரின் மின்கலவடுக்கு நூற்றுக்கணக்கான அம்பியரைச் சொரியும். விரியலாக்கியின் அருகில் மட்டும் உருகி இருப்பின், இடைவழியிற் காவலி தேய்ந்த கம்பிக்கு யாதொரு காப்புமில்லை. அது பழுக்கக் காயும். கிடுகுப் பந்தலுக்கோ ஒரு பொறியே போதும். எனவே உருகி மின்கலவடுக்கின் நேர்முனைக்கு மிக அண்மையில் அமைதல் வேண்டும். அதன் அளவு விரியலாக்கியின் ஓட்டத்திலும் சிறிது கூடியதாய், கம்பி தாங்கும் ஓட்டத்தை மிகாததாய் இருத்தல் முறை. 20 அம்பியர் வேலைக்கு 6 சதுர மில்லிமீற்றர்க் கம்பியும் 30 அம்பியர் உருகியும் பொருந்தும்.

எரிந்த உருகிக்குப் பதிலாக வெறுஞ் செப்புக்கம்பியைச் சுற்றுவோர், காவலனை நீக்கிக் கள்வனுக்கு வாயில் திறப்போரேயாவர். உருகி எரிந்ததன் காரணத்தை ஆராய்ந்த பின்னரே மற்றொன்றை இடுக.